ராணிக்குக் கொடுத்த வெல்லம்

நேற்று கடையில் காரட் வாங்கினேன். தழையைக் கிள்ளி எறியப் போன கடைக்காரரிடம், "இருக்கட்டும்" என்றேன். "வீட்ல ஆடு வளக்கறீங்களா?" என்று சிரித்தார். ஆடெல்லாம் இல்லை. அந்தப் பச்சை வாசனை வந்தால் எனக்கு ராணி நினைவுக்கு வந்துவிடுவாள். ராணி ஒரு குதிரை. நீங்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

இருபத்திரண்டு வயதில் கேரளத்து மறையூரில் ஒரு வெல்லக் கொட்டகையில் வேலை பார்த்தேன். காய்ச்சிய பாகைச் சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். நான் பிடித்ததெல்லாம் கொழுக்கட்டையாகத்தான் வரும். கொட்டகைக்கு யார் வந்தாலும் சுடு வெல்லம் ஒரு துண்டு கையில் வைக்காமல் அனுப்ப மாட்டோம். தபால்காரர், கோழி வாங்க வருகிறவர், வழி கேட்டு நிற்கும் வெளியூர்க்காரர், எல்லோருக்கும் உண்டு. ராணிக்கு மட்டும் இல்லையென்றால் எப்படி?

குதிரைக்காரர் பாண்டி அண்ணனுக்கு அவள்தான் பிழைப்பு. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப் போவார். காலையில் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் அவளைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். உள்ளே நாங்கள் ஆறு பேர். ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வெளியே போய் ஒரு துண்டு கொடுத்துவிட்டு வருவோம். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. நான் சட்டைப் பையில் எடுத்து வைத்து சாயங்காலமும் கொடுப்பேன்.

ஒரு நாள் ராணி முன்னங்காலை ஊன்ற மாட்டாமல் பின்னுக்குச் சாய்ந்து நின்றாள். குளம்பைத் தொட்டால் கொதித்தது. மிருகாசுபத்திரி டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, கால் தேறாவிட்டால் சவாரிக்கு ஆகாது என்றார். பாண்டி அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"இனிப்பு கூடினா குளம்புக்கு வர்ற நோவு இது. வெல்லம் இனி வேண்டா. புல்லு மதி, அது போதும். ஆசைக்கு ஒரு காரட்டு, நீளத்துல கீறிக் கொடுக்கணும். வட்டமா நறுக்கினா தொண்டைல அடைக்கும். கொடுக்கறது ஒராள் மட்டும்" என்றார் டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழில்.

"யாருப்பா வெல்லம் குடுத்தது?" என்றார் பாண்டி அண்ணன்.

"ஒரு துண்டுதாண்ணே" என்று ஐந்து பேரும் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"இவன் ஒருத்தன்தான் குடுக்கல. இனிமே நீயே குடுப்பா" என்று காரட் பையை என்னிடம் நீட்டினார்.

மறுநாள் அவர் பக்கத்தில் நிற்க, கீறிய காரட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ராணி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக என் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்து முட்டினாள். பையின் ஓரம் கிழிந்து தொங்கியது. வெட்கத்தில் செத்தேன்.

பாண்டி அண்ணன் கிழிந்த பையைப் பார்த்தார். பிறகு, "காரட்டப் பைக்குள்ள போட்டுக்கடா. அங்கதான தேடுது" என்றார்.

சில மாதங்களில் ராணி தேறினாள். அப்புறம் பல வருடம் குழந்தைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனாள். இப்போது அந்தப் பாதையில் ஜீப்புகள் ஓடுகின்றன. கொட்டகை இருந்த இடத்தில் தங்கும் விடுதி. ராணியும் இல்லை, பாண்டி அண்ணனும் இல்லை. "நாந்தாண்ணே நெறையக் குடுத்தேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் இருந்தவரை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நான் சொல்லவில்லை.