றெஜினா அக்காவுக்கு நான் கொடுத்த முட்டை மட்டைகள்

செய்தி வந்தபோது நான் முட்டை அடுக்கிவரும் வெற்று மட்டைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். "அன்ரி, அம்மா போயிட்டா," என்றான் றெஜினா அக்காவின் மகன். "ஹார்ட். ஸ்லீப்பிலயே." அவன் அழுதான். நான் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தக் கட்டை இனி யாரிடம் கொடுப்பது என்பது பிறகுதான் உறைத்தது.

மல்வேர்னில் எங்கள் அடுக்குமாடியில் அக்காவை அறியாதவர்கள் இல்லை. மகனுடைய ஓணானுக்கு இரையாகக் கரப்பான் வளர்க்கத் தொடங்கி, பல்லியும் தவளையும் வளர்க்கும் பலருக்கு இரை கொடுத்தவர். லிஃப்ற்றில் அவரை முதலில் கண்டபோது கையில் ஒரு மூடிய பெட்டி. என்ன என்று கேட்டேன். "கரப்பொத்தான்," என்றார். நான் மூலையில் ஒட்டிக்கொண்டேன்.

"பயப்பிடாதையும் தங்கச்சி. உவை குசினிக் கரப்பொத்தான் மாதிரியில்லை. சுவரில ஏறமாட்டினம், குளிர் தாங்கமாட்டினம். என்னைப்போலதான்."

முட்டை மட்டைகளைப் பெட்டிக்குள் நிமிர்த்தி அடுக்குவார். அவற்றின் குழிகளில்தான் பூச்சிகள் ஒளிந்து வாழும். தீனிக்குக் கரட், ஓட்ஸ், சிலவேளை தோடம்பழம். "பட்டினி கிடந்த பூச்சியைக் குடுத்தா ஓணான் வெறும் கோதைத்தான் தின்னும்," என்பார். மட்டைகளைச் சேர்த்துக் கொடுப்பது என் பங்கு.

மூன்று வருடங்களுக்கு முன் என் குசினியில் சாதாரணக் கரப்பான்கள் வந்தன. ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போனார். அக்காவின் வளர்ப்பைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. உண்மையில், என் வீடு ஊத்தை என்று நினைப்பார்களே என்ற வெட்கமும்தான். சிங்குக்குக் கீழே இருந்த மட்டைகளை அந்த வாரமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெறுங்கையோடு போக மனமில்லை. மருந்து அவற்றிலும் பட்டிருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் பெட்டி முழுவதும் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் காலை ஆட்டின. அக்கா நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "உம்மட வீட்டில மருந்து கிருந்து அடிச்சவையோ?"

"இல்லை அக்கா," என்றேன்.

"அப்ப கரட்டிலதான் பிழை," என்றார். கரட் வாங்கிய கடைக்காரரோடு சண்டை பிடித்தார். இதை வாசிக்கும் அயலவர்களே, உங்களில் பலரும் அவர் சொல்லைக் கேட்டு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினீர்கள். நானும் நிறுத்தினேன்.

வேறொருவரிடம் கொஞ்சப் பூச்சிகள் வாங்கி அக்கா மறுபடி தொடங்கினார். நான் கொடுத்த மட்டைகளை வழமைபோல வாங்கிக்கொண்டார். "வடிவாச் சேர்க்கிறீர்," என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்.

அடக்கம் முடிந்து அக்காவின் வீட்டுக்குப் போனபோது மகன் என்னைப் பல்கனிக்கு அழைத்தான். அந்த மூன்று வருடமும் நான் கொடுத்த கட்டுகள் அத்தனையும் அங்கே. நான் போட்ட முடிச்சுகள் ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை.

"இதெல்லாம் நீங்க குடுத்தது அன்ரி. அம்மா யூஸ் பண்ணவே இல்லை. ஏன் எண்டு கேட்டா, 'உள்ளுக்கு வைக்காதை. எறியவும் வேண்டாம், கண்டா அவவுக்கு மனம் நோகும்' எண்டுவா."

கட்டுகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நேற்று அந்தக் கடைக்காரரிடம் போய், உங்கள் கரட்டில் பிழையில்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மருந்து அடித்தார்களா என்று கேட்ட அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய 'ஓம்' மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.