கிணற்றுக்குள் யார் மூச்சு விட்டது?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம், திருவண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் போகும் வழியில், ஒரு பழைய வீட்டின் கொல்லையில் இது நடந்தது. அந்த வருடம் மழை கம்மி. யாரைப் பார்த்தாலும் தண்ணீர், கிணறு என்றே பேச்சு. நான் அப்போது ஆயில் இன்ஜின், பம்ப்செட் ரிப்பேர் வேலை செய்துகொண்டிருந்தேன். என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றுபோனது. அதனால் பிள்ளைகளே, இதில் வரும் அறிவியலை எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்கிறேன். தப்பிருந்தால் உங்கள் டீச்சரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக் கிணற்றில் எப்போதோ ஒரு கன்றுக்குட்டி விழுந்துவிட்டதாம். அதை எடுத்துவிட்டு, பனம்பலகை போட்டு மூடியவர்கள் ஐந்து வருடமாகத் திறக்கவே இல்லை. பக்கத்தில் பெரிய புங்கமரம். அதன் இலையெல்லாம் பலகை இடுக்கு வழியாக உள்ளே விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் நின்றுபோகவே, தூர் வாரி மோட்டார் வைக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார். எவ்வளவு சேறு இருக்கிறது என்று முதலில் ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு என் மனைவியின் தம்பியைக் கூட்டிப் போனேன். இருபத்திரண்டு வயது. எந்தக் கிணற்றிலும் மாடிப்படி இறங்குவது மாதிரி இறங்குவான்.

எங்கள் பக்கத்தில் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்குவதற்கு முன் கற்பூரம் ஏற்றுவது வழக்கம். ஒரு தகர மூடியில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவோம். கங்கையம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை வைப்போம். நடுவில் அணைந்தால் அபசகுனம்.

அன்று பாதிக் கிணறுகூடப் போகவில்லை, கற்பூரம் பட்டென்று அணைந்தது. மேலே இழுத்து மறுபடி கொளுத்தி இறக்கினேன். அதே இடத்தில், யாரோ ஊதிவிட்ட மாதிரி மறுபடியும் அணைந்தது.

வீட்டுக்கார அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாப்பா இது, நல்ல நாளும் அதுவுமா..."

"ஈரக் கற்பூரம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கற்பூரம் அணையக் கூடாது, அவ்வளவுதானே? மூடியைக் கிணற்றின் விளிம்பிலேயே வைத்தேன். புதிதாக ஒரு வில்லை போட்டுக் கொளுத்தி, இரண்டு கையாலும் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டேன். அது கடைசிவரை ஜம்மென்று எரிந்தது. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அம்மாவும் சமாதானமானார்.

அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் சுண்ணாம்புக்காரப் பெண் ஒருத்தி வந்து நின்றிருந்தாள். தெருத் தெருவாகக் கூடையில் சுண்ணாம்பு விற்கிறவள். வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா வரச் சொல்லியிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அண்ணே, ரெண்டு தபாவும் ஒரே எடத்துலதான் அணைஞ்சிதா?" என்று கேட்டாள்.

மச்சானுக்குச் சிரிப்பு. "நீ சுண்ணாம்பு விக்க வந்தியா, சாட்சி விசாரிக்க வந்தியா?"

"நான் காளவாயில வேல செஞ்சவ. சுண்ணாம்புக் கல்ல சுடற எடம். ஒரு தபா மழைக்கு ஒதுங்கி காளவாய் ஓரத்துப் பள்ளத்துல ஒருத்தன் படுத்தான். எழுந்திருக்கவே இல்ல. பக்கத்துல வெச்ச வெளக்கும் அணைஞ்சிருந்திச்சி. எண்ணெ அப்படியே இருக்குது. வெளக்கு நிக்காத எடத்துல ஆளு நிக்க மாட்டான்."

"வெளக்குக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்? நான் இன்னா எண்ணெயா குடிக்கறேன்?"

"கொழம்புல ஊத்திக் குடிக்கல?"

வீட்டுக்கார அம்மாகூடச் சிரித்துவிட்டார். ஆனால் அவள் சிரிக்கவில்லை. "எறங்கறதுன்னா எறங்கு. இடுப்புல கயிறு கட்டிக்கினு எறங்கு. கட்டாம எறங்குனா இந்தக் கூடைய எடுத்துத் தலையில கவுத்துடுவேன்" என்றாள்.

அவள் வாய்க்குப் பயந்துதான் இடுப்பைக் காட்டினான். அவளே கயிறு கட்டினாள். "மாமா, மாட்டக் கட்டற மாதிரி கட்டிட்டா பாருங்க" என்று சொல்லிக்கொண்டே படிக்கல்லில் காலை வைத்தான். நான் கயிற்றின் மறுமுனையைப் புங்கமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"ஜில்லுனு இருக்குது மாமா" என்று குரல் வந்தது. இன்னும் நாலைந்து படி இறங்கியிருப்பான். பிறகு, "மாமா, தல..." என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கயிறு வெடுக்கென்று இறுகியது.

எட்டிப் பார்த்தேன். தலை தொங்க, கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தான். எனக்கு என்ன தோன்றியதென்றே தெரியவில்லை. கயிற்றை மரத்தில் முடிந்துவிட்டுச் செருப்பை உதறினேன். படிக்கல்லில் ஒரு காலை வைத்துவிட்டேன். அவள் என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யோவ், நீயும் எறங்குனா ரெண்டு பேரையும் யாருய்யா இழுக்கறது? இழு!"

நான், அவள், வீட்டுக்கார அம்மா, மூன்று பேரும் இழுத்தோம். கல்லில் உரசி அவன் முழங்கை தோல் உரிந்தது. மேலே கிடத்தியபோது உதடு நாவல் பழம் மாதிரி இருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து, மாரைத் தேய்த்து, கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவன் அக்காவிடம் போய் என்ன சொல்வேன் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. ஒரு பெரிய மூச்சு இழுத்தான். இருமினான். வாந்தி எடுத்தான். அப்புறம் கண்ணைத் திறந்து, "யாரு மாமா என் தலையில அடிச்சது?" என்றான்.

அவனை மரத்தில் சாய்த்து உட்கார வைத்தோம். அவள் தன் கூடைச் சுண்ணாம்பை வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றின் உள்சுவரில் சுற்றிலும் நாலைந்து வாளி ஊற்றினாள். இலையோடு ஒரு வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி, உள்ளே விட்டு மேலும் கீழுமாக வீசச் சொன்னாள். என் கை ஓய்கிறவரை வீசினேன். அதற்கப்புறம் அதே கற்பூரம், அதே தகர மூடி. இந்த முறை தண்ணீருக்கு ஒரு முழம் மேலே போகும்வரை எரிந்தது. ஆனாலும் அன்று யாரும் இறங்கவில்லை. "வெயில் ஏறுது" என்று அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நன்றி என்றுகூட நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். கண்ணுக்குத் தெரியாமல், வாசனையும் இல்லாமல், நெருப்பையும் அணைத்து ஆளையும் சாய்க்கிற பொருள் எது? என் மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டேன்.

"பிராணவாயு கம்மியா இருந்திருக்கும்பா. எரியறதுக்கும் அது வேணும், மூச்சுக்கும் அது வேணும். நாம சாப்பிடற சோறு, எண்ணெ எல்லாம் உடம்புக்குள்ள மெதுவா எரியற மாதிரிதான். எரிஞ்சா கரியமில வாயு வரும்."

"சோத்துல ஏது கரி?" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அடி புடிச்ச சோறு இன்னா கலருங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழம்பில் எண்ணெய் ஊற்றிக் குடிக்கிறோமே என்று அந்தப் பெண் கேட்டது வெறும் கிண்டல் இல்லை. விளக்கு எண்ணெயை வேகமாக எரிக்கிறது. நாம் பிராணவாயுவைக் கொண்டு அதையே, சுடர் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கிறோம். நம் உடம்புச் சூடு அந்த அடுப்பின் சூடுதான்.

மகள் அடுத்து ஒரு சோதனை காட்டினாள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நின்ற தெளிந்த நீரை மட்டும் டம்ளரில் ஊற்றினாள். பப்பாளி இலைக் காம்பு உள்ளே ஓட்டையாக இருக்கும் அல்லவா, அதை டம்ளருக்குள் விட்டு, "ஊதுப்பா, உறிஞ்சிடாத, வாய் வெந்துடும்" என்றாள். ஊதினேன். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. என் மூச்சில் இருந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டதாம். அந்தச் சுண்ணாம்புக்காரப் பெண் வாளி வாளியாக ஊற்றியது ஏன் என்று கொஞ்சம் புரிந்தது. வேப்பங்கிளை வீசியதில் புதுக் காற்றும் உள்ளே போயிருக்கும்.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "அஞ்சு வருஷமா அந்தக் கிணத்துல யாரும் எறங்கலியே. அப்போ உள்ள யாரு மூச்சு விட்டது?"

மகளுக்குத் தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "கிருமிங்கப்பா! கண்ணுக்கே தெரியாது. விழுந்த எலையெல்லாம் அதுங்களுக்குச் சாப்பாடு. தின்னுட்டு அதுங்களும் நம்மள மாதிரியே பிராணவாயுவ எடுத்துக்கினு கரியமில வாயுவ விடுது. அந்த வாயு சாதாரணக் காத்தவிட கனம். மூடி வெச்ச கிணத்துல அடியிலயே தங்கிடும்."

கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது? இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் அந்த மாதிரிக் கிருமிதான் என்றாள் மகள். மறுநாள் காலையில் இட்லி மாவு குண்டானில் பாதியிலிருந்து முக்கால்வரை பொங்கி நின்றது. தட்டை மெதுவாக நகர்த்தி, எரிகிற தீக்குச்சியை மாவுக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் விட்டேன். பட்டென்று அணைந்தது. இன்னொன்று விட்டேன். அதுவும் அதே இடத்தில் அணைந்தது. எங்கள் அடுப்படியிலேயே ஒரு குட்டிக் கிணறு!

"மாவுக்குக் கொள்ளி வெக்கற முதல் ஆம்பள நீங்கதான்" என்று என் மனைவி குண்டானைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, தேரடித் தெருவில் அந்தச் சுண்ணாம்புக்காரப் பெண்ணைப் பார்த்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் கையில் பப்பாளிக் காம்பும் ஒரு கண்ணாடி டம்ளரும் இருந்தன. விஷயத்தைச் சொல்லி, அவளுடைய சுண்ணாம்பையே கரைத்துத் தெளிய வைத்து ஊதச் சொன்னேன். "என் சரக்க எனக்கே காட்டறியா" என்று சிரித்துக்கொண்டே ஊதினாள். தண்ணீர் வெளுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ கல்ல சுடும்போது அதுலருந்து போறதும் இதுதானா? அங்க போனது என் மூச்சுலருந்து திரும்பி வந்து சுண்ணாம்புல ஒட்டிக்குதா?"

மகளைக் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவள் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது. போய்ச் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

மச்சானுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். முழங்கைத் தழும்பைக் காட்டி அவர்களிடம் வேறு என்னென்னவோ கதை விடுகிறான். பிள்ளைகளே, நீங்கள் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விடாதீர்கள். சில கிணறுகளில் நெருப்புப் பிடிக்கிற வாயுவும் இருக்குமாம். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் பின்னாலேயே இறங்காமல், கத்தி ஆள் கூப்பிடுங்கள்.

நான் இன்றும் தினமும் சாமிக்குக் கற்பூரம் ஏற்றுகிறேன், சுடர் அணையப் பார்த்தால் இரண்டு கையும் தானாக மறைக்கப் போகும், அப்போது "மாமா, தல..." என்ற அந்தப் பாதிக் குரல் காதில் விழும், கையை இறக்கிக்கொண்டு அது ஏன் அணையப் பார்க்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.