கேபிளோட அந்த முனை

பேய், ஆவின்னு யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போய் வேலையப் பாக்குற ஆளுங்க நான். இப்பவும் பேய்னு சொல்ல வரல. நடந்ததச் சொல்றேன், நம்புனா நம்புங்க, இல்லீன்னா விட்டுடுங்க.

ரெண்டாயிரத்து எட்டுல வீரபாண்டியில ஒரு எம்பிராய்டரி யூனிட்ல பஞ்சிங் ஆப்பரேட்டரா இருந்தேன். பனியன்ல மெஷின் ஒரு பூ தைக்கணும்னா, ஒவ்வொரு தையலையும் முதல்ல கம்ப்யூட்டர்ல வரைஞ்சு குடுக்கணும், அதான் பஞ்சிங். என் தம்பி குமரேசன் துணி அழுத்துற மில்லுல இருந்தான். ஒருநாள் சூடான ரோலர் ரெண்டு கையையும் இழுத்துருச்சு. பொழச்சுக்கிட்டான், ஆனா ரெண்டு கட்டைவிரலத் தவிர எதுவும் மடங்காது. மவுஸ் பிடிக்க முடியாது, சோத்தையே அம்மாதான் ஊட்டணும்.

அவன் என்ன பண்ணுனான் தெரியுமா, பழைய பி.எஸ்.பி. ஒண்ணு வாங்கினான். கையில வெச்சு கேம் விளையாடுற பெட்டிங்க. அதுல என்னமோ புரோகிராம ஏத்தி, யுஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டரோட மாட்டிட்டான். இடது கட்டைவிரல்ல குமிழத் தள்ளுனா ஸ்கிரீன்ல அம்பு நகருது, வலதுல பட்டன அமுத்துனா கிளிக் ஆகுது. ஞாயித்துக்கிழமையெல்லாம் யூனிட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். மூணு மாசத்துல ஒரு வாத்து வரைஞ்சான் பாருங்க, நானே அசந்துட்டேன்.

மேனேஜர்கிட்ட கெஞ்சி, அவன வேலைக்கு எடுக்க ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டிரையல் வாங்கினேன். அன்னைக்குக் காலைல மண்ணரையில இன்னொரு யூனிட்டுக்குப் போய் ஒரு சாம்பிள போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்த வேண்டியிருந்தது. கேமராவுக்கும் அதே கேபிள்தான். அவன் பையில இருந்து எடுத்துட்டுப் போனேன், சொல்ல மறந்துட்டேன். அவன் போன் பண்ணது மெஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல.

"அக்கா வந்துருவாங்க சார், அரை மணி நேரமுங்க"ன்னு கேட்டிருக்கான். "விளையாட்டுச் சாமானத் தூக்கிட்டு வேலைக்கு வந்துட்டியாக்கும், போப்பா"ன்னுட்டாரு மேனேஜர். வேற கேபிள் வாங்கலாம்னு ரோட்டத் தாண்டுனவன லாரி அடிச்சிருச்சு. பி.எஸ்.பி.யும் அவனோட நொறுங்கிப்போச்சு. என்னாலதாங்க செத்தான், யாரு என்ன சமாதானம் சொன்னாலும் அதுதான் நெசம்.

பதினாறு நாள் கழிச்சு வேலைக்குப் போனேன். மத்தியானம் மூணு மணி, ஹால் நிறைய ஆளுங்க. ஹேண்ட்பேக்ல அந்தக் கேபிள் கெடந்துச்சு. எதுக்குன்னு தெரியல, எடுத்து கம்ப்யூட்டர்ல மாட்டுனேன். அந்த முனை எதுலயும் மாட்டாம மேசை ஓரமா சும்மா தொங்குது. ஏதோ மாட்டுன மாதிரி 'டிடிங்'னு சத்தம் வந்துச்சு.

அம்பு நகந்துச்சுங்க. மவுஸ்னா வழுக்கிட்டுப் போகும், இது தயங்கித் தயங்கி, நின்னு நின்னு போச்சு. அவன் கட்டைவிரல் அப்பிடித்தான் போகும். அலகு, கழுத்து, றெக்கைன்னு வாத்து வந்துட்டே இருக்கு. பக்கத்து சீட்டு மேரி, திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு, எட்டிப் பாத்துட்டு, "யக்கா, மவுசத் தொடாமலே எப்படிக்கா வரையுதிய?"ன்னா.

பயந்துட்டேங்க. வாத்துக்குக் கண்ணு மட்டும் பாக்கி, படக்குனு கேபிளப் பிடுங்கிட்டேன். ரெண்டாவது தடவையும் அவன்கிட்ட இருந்து நான்தான் அதப் பிடுங்குனேன்.

இப்ப யூனிட்டும் வேற, கம்ப்யூட்டரும் வேற. கேபிள் பீரோவுல இருக்கு. எப்பவாவது எடுத்து மாட்டிட்டு, "அக்கா வந்துட்டேன்டா"ன்னு சொல்லுவேன். அம்பு அசையாது. சத்தம் மட்டும் வரும். பிடுங்குனா இன்னொரு சத்தம் வரணுமில்லீங்க, போயிருச்சுன்னு சொல்ற மாதிரி? அது அன்னைக்கும் வரல, இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவகூட வரல.