மெக்கானிக் அண்ணனின் கைராசி

திருமங்கலத்தில் நான் டீஷர்ட் தைக்கும் கம்பெனிக்கு ஒரு மெக்கானிக் வருவார். சலவைச் சட்டை, பையில் சீப்பு. ஸ்குரூ டிரைவரை மட்டும் எங்களிடம் கேட்பார். எந்த மிஷின் மக்கர் செய்தாலும் தைக்கிறவளைத்தான் குறை சொல்வார்.

ஒருநாள் என் ஓவர்லாக் மிஷினில் தையல் விட்டுவிட்டு விழுந்தது. முந்தின நாள் அவர் மாட்டிய ஊசியின் முன்புறம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அடியிலிருந்து நூலைக் கோத்து வாங்கும் லூப்பருக்கு நூல் சிக்கவில்லை.

“அண்ணே, ஊசி திரும்பியிருக்கு.”

“ஒங் கைதான் சரியில்லம்மா. எனக்கே சொல்லித் தாரியா?”

லூப்பருக்கு எண்ணெய் விட்டு அரைமணி நேரம் துடைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். நான் ஊசியைத் திருப்பி மாட்டினேன். தையல் ஒழுங்காக விழுந்தது.

வந்தவர் துணியை இழுத்துப் பார்த்தார். “பாத்தியா, நம்ம கைராசி எம்புட்டுன்னு!”

பொய் சொல்கிறவரின் கூச்சம் அந்த முகத்தில் துளியும் இல்லை. நிஜமாகவே நம்பினார். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.