உப்பளப் பழக்கமும் புல்வெட்டும் வண்டியும்

1. நான் பராமரிப்பு வேலை பார்க்கும் கடற்கரை விடுதியில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டிக்கு டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்றினேன்.
2. என்ஜின் ஓடியது. பெடலை அழுத்தியும் வண்டி நகரவில்லை.
3. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தேன். சரிசெய்த விதம்தான் தவறு.

இந்த வண்டியில் கியர் கிடையாது. ஆயிலின் அழுத்தமே சக்கரத்தைச் சுழற்றும். ஆயில் மாற்றும்போது உள்ளே காற்று புகுந்திருந்தது. நான் மரக்காணத்து உப்பளக் குடும்பத்துப் பெண். அளத்தில் பம்பு காற்று பிடித்தால் என்ஜினை முழு வேகத்தில் முடுக்குவோம். அதே பழக்கத்தில் இங்கும் முடுக்கிவிட்டுப் பெடலை மிதித்தேன்.

வழக்கமாக வண்டியை ஓட்டும் சலீம் பாய் அதன் முன்னால் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். காற்று சட்டென்று விலக, வண்டி பாய்ந்தது. அவர் பக்கவாட்டில் விழுந்து உருண்டார். நான் காலை எடுப்பதற்குள் முன்சக்கரம் அவருடைய செருப்பின் மேல் ஏறி நின்றது. நல்லவேளை, அதற்குள் கால் இல்லை, பிளேடும் சுற்றவில்லை.

“ஏம்மா, புல்ல வெட்டச் சொன்னா என்னைய வெட்டப் பாக்குறியே!” என்றார்.

“தப்பு என்னுதுதான் பாய். கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்களைத் தரையில் படாமல் ஸ்டாண்டில் ஏற்றினேன். ஆயிலைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் கம்பியைத் திறந்து, குறைந்த வேகத்தில் பெடலை முன்னும் பின்னுமாக ஆறு முறை அழுத்தினேன். கம்பியை மூடி மறுபடியும் அதையே செய்தேன். காற்று வெளியேறியதில் குறைந்திருந்த ஆயிலை நிரப்பினேன்.

இப்போதெல்லாம் ஆயில் மாற்றினால், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எதிரே யாருமில்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்கிறேன்.

வண்டி சீராக ஓடுகிறது. சலீம் பாய்தான் ஓட்டுகிறார். நான் ஸ்பேனரை எடுத்தால் மட்டும் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறார்.