கறுத்த மருதோண்டி

யுத்தம் முடிந்த வருடம், சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த வீட்டில் தங்கை ஸபீனாவின் கல்யாணம். நகப்பூச்சு பூசினால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது நகத்தில் தண்ணீர் படாது என்பதால், விரல்களுக்கு மருதோண்டி வைக்க முடிவெடுத்தோம். அவள் கறுப்பாக வேண்டும் என்றாள். அரைத்த இலையில் தலைச்சாயத் தூளைக் கலந்து நானே வைத்துவிட்டேன். முந்திய பெருநாளுக்கும் அப்படித்தான் செய்தேன். அப்போது விரல் கொஞ்சம் அரித்துக் கடித்ததாகச் சொன்னாள். நான் பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் விரல்கள் தடித்தன. அடுத்த நாள் காலையில் எட்டு விரல்களில் கொப்புளம். விடிந்தால் நிக்காஹ். "மோதிரம் ஏறுமா ராத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில், "என்ன பூசின நீங்க?" என்றார் டாக்டர்.

"மருதோண்டி மட்டும்தான்" என்றேன்.

"மருதோண்டியெண்டா சிவக்கும். இது கறுத்துக் கிடக்கு. என்னத்தக் கலந்த?"

ஸபீனா என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னேன். சாயத்திலுள்ள இரசாயனம் அவளுக்கு ஒவ்வாது, இனித் தலைக்கும் பூசக்கூடாது, பூசினால் இதைவிடக் கடுமையாகும் என்றார்.

மோதிரம் ஏறவில்லை. மாப்பிள்ளை அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

இப்போது வெறும் இலையைத்தான் அரைக்கிறேன். கறுப்பு என்று விற்கும் மருதோண்டிக் கோன்களைத் தொடுவதில்லை. "கறுக்காதா?" என்று கேட்கும், என்னிடம் மருதோண்டி வைக்க வரும் பிள்ளைகளுக்கு ஸபீனாவே பதில் சொல்கிறாள்: "கறுப்புத்தான் வேணுமெண்டா வைங்க. மறுகா என்னட்ட வாங்க, மோதிரத்த உள்ளங்கையில எப்பிடிப் போடுறதெண்டு காட்டித் தாறன்."