நாலு நாளுக்கான பை

பக்கத்து வீட்டு ஆர்னே ஸ்பெயினுக்குப் போனான். இரண்டு கிழமை விடுமுறை. தோளில் ஒரு சின்னப் பைதான் கிடந்தது. "ஹொண்ட்பகாசே" என்று தட்டிக் காட்டினான். விமானத்துக்குள் கையோடு கொண்டு போகும் பையை நோர்வேயில் அப்படித்தான் சொல்வார்கள். பாரம் இல்லாமல் பயணம் போவது இவர்களுக்குப் பெருமை. பெருமையாகச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினான். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

நான் கையை நீட்டவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. உள்ளே கூட்டிப் போய், எந்தச் சாடிக்கு எவ்வளவு என்று கோப்பையில் விரல் வைத்துக் காட்டினான். உடுப்பிட்டியில் புகையிலைத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிய ஆள் நான். பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் சொன்னேன்: "என்னுடைய நண்பன் இப்படி ஒரு பையோடு போனான். திரும்பி வரவில்லை." ஆர்னேயின் முகம் மாறிவிட்டது. என் தோளில் கை வைத்து மெதுவாக ஏதோ சொன்னான். செத்த வீட்டில் சொல்கிற சொல் அது. இல்லை என்று விளக்க என்னிடம் அவ்வளவு பாஷை இல்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். யோகன் சாகவில்லை. பாரிசில் சுகமாக இருக்கிறான்.

யோகனும் நானும் நல்லூரில் ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவன் கரவெட்டி. நான் எட்டாம் வகுப்போடு வந்தவன், அவன் ஏழாம் வகுப்போடு வந்தவன். ஒரு பார்சல் சோற்றை இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிட்ட காலம். அந்த நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் பொடியளின் பாஸ், அதாவது இயக்கத்தின் அனுமதிச் சீட்டு, வேண்டும். போகிறவன் திரும்பி வருவான் என்று ஊரில் ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். அவன் வராவிட்டால் கையெழுத்து வைத்தவர் பொறுப்பு. அங்கே இருந்தவர்களுக்கு இது தெரியும். இங்கே வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

"மச்சான், கொழும்பிலை அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன். நாலே நாள். நீ ஒரு கையெழுத்து வைச்சால் காணும்" என்றான் யோகன்.

"வருவியோடா?"

"உனக்கென்ன விசரே? இஞ்சை பார்."

பையைத் திறந்து காட்டினான். ஒரு சாரம், இரண்டு சேர்ட், ஒரு துவாய், பிரஷ். "வெளிநாடு போறவன் உப்பிடியே போவான்? உந்தச் சாரத்தோடை போய் இறங்கினால் வெள்ளைக்காரன் தடி எடுத்துக் கலைப்பான்" என்றான். நானும் சிரித்தேன். கையெழுத்து வைத்தேன்.

போகிற அன்று தன் சைக்கிளை எங்கள் வீட்டுப் பத்திக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனான். சரசுதான் முதலில் கண்டாள். சரசு என் மனைவி. அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

"இஞ்சருங்கோ, சாவி பூட்டிலையே கிடக்கு."

"மறந்திருப்பான்."

"சைக்கிள் கடைக்காரன் சாவியை மறப்பானே?"

"உனக்கு எல்லாரிலையும் சந்தேகம். சும்மா இரு."

குடாநாட்டை விட்டுப் போகக் கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறுகிறவர்கள் சைக்கிளை யார் வீட்டில் விட்டாலும் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டு போவார்கள். பெற்றோல் இல்லாத ஊரில் சைக்கிள்தான் கால். வந்து இறங்கியவுடன் எடுத்து ஓட வேண்டும். சாவியை விட்டுப் போகிறவனுக்கு இனி அந்தச் சைக்கிள் தேவையில்லை. தினமும் நாற்பது சைக்கிளைத் தொடுகிற எனக்கு அது விளங்கவில்லை. நான் பையைப் பார்த்தேன். சரசு பூட்டைப் பார்த்தாள்.

நாலு நாள் போனது. ஒரு மாதம் போனது. பாஸ் கொடுக்கும் கந்தோரில் இருந்து ஆள் வந்து என்னைக் கூட்டிப் போனான். அங்கே மேசையில் இருந்தவன் என்னைவிட இளையவன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணை, ஆள் எங்கை?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கோ கையெழுத்து வைச்சனீங்கள்?"

தண்டனையாக மூன்று மாதம் இயக்கத்தின் முகாமில் நின்று பங்கர் வெட்டினேன். சரசு பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போனது யோகனின் சைக்கிள் கரியரில். ஓட்டிப் போனவர் பக்கத்து வீட்டுக்காரர். நான் வீட்டுக்கு வரும்போது மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும் முடிந்திருந்தது. எல்லோரும் அவளைத் தூக்கிவிட்டார்கள். நான்தான் கடைசி.

அடுத்த வருடம் பாரிசில் இருந்து கொழும்பு சுற்றி யோகனின் கடிதம் வந்தது. "மச்சான், குறை நினையாதை. சொன்னால் நீ கையெழுத்து வைக்க மாட்டாய். சைக்கிளை நீயே வைச்சிரு." அவ்வளவுதான். பங்கர் வெட்டியதை மறந்துவிடலாம். அந்தச் சைக்கிளைத் தந்ததை மறக்க முடியவில்லை. நான் அதில் ஒருநாளும் ஏறவில்லை. ஆனால் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தேன். கைப்பழக்கம்.

பிறகு நோர்வேயில் இருந்த சரசுவின் அண்ணன் சொல்லி அனுப்பினார், கொழும்புக்கு வந்து ரெலிபோனில் கதைக்கும்படி. ஊரில் ரெலிபோன் இல்லை. நாலு நாள் பாஸ் கேட்டேன். எனக்குப் பிணை நிற்க ஒருவரும் வரவில்லை. என் கதை எல்லோருக்கும் தெரியும். சரசுதான் கையெழுத்து வைத்தாள். பை கட்டினேன். ஒரு சாரம், இரண்டு சேர்ட், ஒரு துவாய், பிரஷ். நாலு நாளுக்கு வேறு என்ன வேண்டும்? அவளுக்கு முன்னாலேயே யோகனின் சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சேர்ட் பொக்கற்றில் போட்டேன்.

"பார், சாவியைக் கொண்டு போறன். நான் உவனைப் போலை இல்லை."

"சாவி கிடக்கட்டும். நீங்கள் வந்தால் காணும்" என்றாள்.

கொழும்பில் ரெலிபோனில் அண்ணன் சொன்னார்: "ஏஜென்சிக்காரன் ஆயத்தமாய் நிக்கிறான். நாளைக்கு ஏறாட்டி இனி இல்லை. சரசுவையும் பிள்ளையையும் பிறகு எடுப்பம்." ஓம் என்றேன். அந்த ஒரு சொல்தான். நாலு நாள் பையோடு விமானம் ஏறினேன். இறங்கும்போது பனி கொட்டியது.

யோகனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். அவன் தெரிந்து போனான், நான் தெரியாமல் போனேன். சரசுவைக் கந்தோருக்குக் கூப்பிட்டபோது அந்த வித்தியாசத்தை ஒருவரும் கேட்கவில்லை. கைக்குழந்தைக்காரி என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி அவள் பெயருக்குப் பாஸ் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஆர்னே போய் இரண்டாம் நாள் அவளுடைய கடிதம் வந்தது. எங்கள் வீடு இருந்த நல்லூரில் இருந்து அல்ல. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து. ஆமிக்குப் பயந்து, நல்லூரும் சேர்த்து, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்த செய்தி இங்கே ரிவியில் அரை நிமிடம் காட்டினார்கள். அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.

"ஆளுக்கு ஒரு பைதான் தூக்க முடிஞ்சுது. பிள்ளையைச் சைக்கிளிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு போவம் எண்டு பார்த்தன். பின்சில்லு சுத்தேல்லை. கல்லாலை பூட்டுக்கு அடிச்சன். உடையேல்லை. நல்ல பூட்டு. விட்டிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தன். ஒரே மழை. நாங்கள் சுகம்."

நல்ல பூட்டுத்தான். யோகனுக்கு அதைப் போட்டுக் கொடுத்தவன் நான். அவள் என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். யோகன் விட்டுப் போன சாவியில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் கொண்டு வந்த சாவியால் அவள் நடந்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஆர்னே வீட்டுக்குப் போனேன். அவன் காட்டிய அளவுக்கு ஊற்றினேன். கதிரை வைத்த இடத்தில் இருந்தது. கோப்பை கவிழ்த்த இடத்தில் இருந்தது. இப்படி ஒரு வீடு இருந்தால் நானும் சின்னப் பையோடு எங்கேயும் போவேன்.

சொன்ன வெள்ளிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு ஆர்னே வந்தான். முகம் வெயிலில் சிவந்திருந்தது. அதே பை. கதவைத் தட்டி உள்ளே வந்தான். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கிடந்தன. அவனுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். மற்றதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டான்.

"சைக்கிளுக்கு."

"உன்னிடம் சைக்கிள் இருக்கிறதா? எங்கே?"

"வீட்டில்" என்றேன்.

ஆர்னே யன்னலோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அங்கே பனிக்குள் ஏழெட்டுச் சைக்கிள்கள் நின்றன. அதில் என்னுடையது எது என்று தேடிக்கொண்டு நின்றான்.